பாம்புக்குச் சூடு வேண்டுமா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்காதவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களும் என்னைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள்தாம். பலகைகளை அறுத்து அடுக்கு செய்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மேசை இழுப்பறையைப் போலச் செருகி, அதற்குள் பாம்பு வளர்க்கிறார்கள். பெட்டிக்குத் தனியாக மூடி கிடையாது. மேலே இருக்கும் பலகையே மூடி. இதை அவர்கள் 'ரேக்' என்று சொல்கிறார்கள். ஆயத்தமாக விற்கும் ரேக்கின் விலை மாணவர் கைக்கு எட்டாததால் பலரும் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

பலகை வேலை அவ்வளவு சிரமமில்லை. அடுத்த வேலைதான் சிக்கலானது: அந்தக் கூண்டைச் சூடேற்றுவது. நான் மின்பொறியியல் படிப்பதால் நண்பர்கள் இருவர் இந்த வேலைக்கு என்னை உதவிக்கு அழைத்தார்கள். இருவரும் காட்டிய செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்நாட்டில் வாழும் ஒருவர் தம் வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. அதை இங்கே வரிக்கு வரி பின்பற்றுவது பாம்புக்கும் நல்லதில்லை, வீட்டுக்கும் நல்லதில்லை என்பது என் கருத்து. குளிர்நாட்டில் சூடு நின்றுபோனால் பாம்புக்கு ஆபத்து. நம் நாட்டில் சூடு நிற்காமல் போனால்தான் ஆபத்து. நாம் செய்யும் கூண்டு இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

புற்றைப் பறித்தவர் யார்?

பாம்பு தன் உடம்புக்குள் நம்மைப் போல் வெப்பத்தை உண்டாக்கி நிலையாக வைத்துக்கொள்வதில்லை. சூடு வேண்டுமானால் சூடான இடத்துக்குப் போகும். போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். இரை செரிப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் இந்தச் சூடு தேவை. இரை விழுங்கிய பாம்பு நீண்ட நேரம் குளிரில் கிடந்தால் அதைக் கக்கிவிடக்கூடும். குளிர் நீடித்தால் சுவாச நோயும் வரலாம். ஆகவே, பாம்புக்குச் சூடு வேண்டும் என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

ரேக்கில் அதிகம் வளர்க்கப்படுவது 'பால் பைத்தான்' எனப்படும் சிறிய மலைப்பாம்பு. நாம் குடிக்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் இப்படிப் பெயர் வந்தது. நஞ்சில்லாதது. கானா, தோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அதன் தாயகம். இதற்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை இருக்க வேண்டும் என்பது வளர்ப்போர் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு.

இதில் பலர் முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். அந்தப் பாம்பின் ஊரும் வெயில் ஊர்தான். ஆனால் அது பகலெல்லாம் வெயிலில் கிடப்பதில்லை. எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கியிருந்து இரவில் வெளியே வரும். பாம்பு புற்றுக்குள் போவது நமக்குப் புதிய செய்தியா என்ன? தனக்குப் போதுமான குளிர்ச்சியைத் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கும்போது நாம் அந்தப் புற்றைப் பறித்துவிடுகிறோம். விலகிப் போக முடியாத உயிருக்கு விலகிப் போக ஓர் இடம் வைப்பது வளர்ப்பவரின் கடமை.

பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள சீனர்களின் பாம்புக் கோயிலுக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். அங்கே கிளைகளில் அசையாமல் கிடக்கும் பச்சை விரியன்கள் இந்த வட்டாரத்துப் பாம்புகள். இந்தத் தட்பவெப்பம் அவற்றுக்குப் பழகியது. வெளிநாட்டுப் பாம்பை வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதற்காக, வெளிநாட்டுப் பாம்பு என்றாலே இரவும் பகலும் சூடு வேண்டும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

நம் அறையில் எத்தனை பாகை?

குளிர்நாட்டு வீட்டின் அறை 20 பாகையில் இருக்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்தை 32 பாகைக்கு உயர்த்த 12 பாகை சேர்க்க வேண்டும். மறுபக்கம் தானாகவே குளிர்ந்திருக்கும். அங்கே எழுதப்பட்ட செய்முறையின் கணக்கு இதுதான்.

நம் தாழ்நிலப் பகுதிகளில் இரவு வெப்பநிலை 24, 25 பாகைக்கு இறங்கும். பகலில் 32, 33 பாகைக்கு ஏறும். கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறையிலும், மாலை வெயில் படும் சுவரை ஒட்டிய அறையிலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு அறையே 33 பாகையில் இருந்தால், நாம் ஒன்றுமே செய்யாமல் பாம்புக்குத் தேவையான 'சூடான பக்கம்' கிடைத்துவிட்டது. அப்போது காணாமல் போவது குளிர்ந்த பக்கம். அதை எந்த வெப்பப் பட்டையாலும் கொடுக்க முடியாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டேட்டாலும் முடியாது. அது சூட்டை நிறுத்தும். பெட்டியைக் குளிர வைக்காது.

இதற்கு எதிரான வீடுகளும் உண்டு. கேமரன் மலையில் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ இருப்பவருக்கு இரவுக் குளிர் உண்மையான கவலை. இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறையும் அப்படித்தான். வெளியே 27 பாகை இருந்தாலும் உள்ளே 20 பாகை. இவர்களுக்குச் சூடேற்றும் கருவி அவசியம். இருவருமே மலேசியாவில்தான் வாழ்கிறார்கள். ஆனால் இருவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. அதனால்தான் அளந்து பாருங்கள் என்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி. ரேக் செய்து முடித்ததும் காலிப் பெட்டிகளுடன், சூடேற்றாமல், ஒரு வாரம் அதே அறையில் வைத்திருங்கள். மேலடுக்கில் ஒரு வெப்பமானி, கீழடுக்கில் ஒன்று. காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த நாளையும் ஏர்கோன் போட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏழு நாளில் உங்கள் அறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அறை மிகவும் சூடாக இருந்தால் ரேக்கை வேறு சுவருக்கு மாற்றுங்கள். பெட்டிகளில் காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். அப்படியும் குறையாவிட்டால் அந்த அறையில் பாம்பு வளர்க்க வேண்டாம்.

ஐந்தாம் படிவக் கணக்கு ஒன்று

அளந்து பார்த்து, சூடு தேவை என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் வெப்பப் பட்டை வாங்குகிறார்கள். கைநாடா போல மெல்லிய, நீளமான பட்டை. அடுக்கின் பின்பகுதியில், மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குள் அதைப் பதிப்பது வழக்கம். அப்படிப் பதித்தால் பெட்டியின் பின்பக்கம் மட்டும் சூடாகும், முன்பக்கம் குளிர்ந்திருக்கும். பெட்டியை இழுக்கும்போதெல்லாம் பட்டையை உரசாதபடி பலகையில் பள்ளம் வெட்டி அதற்குள் வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். இணையச் சந்தையில் கிடைக்கும் பட்டைகளில் சில அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 முதல் 240 வோல்ட். 'இரண்டு மடங்கு வோல்ட், இரண்டு மடங்கு சூடு, அவ்வளவுதானே' என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்ததை நினைத்துப் பாருங்கள். மின்தடை மாறாதபோது மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் இருபடியை மின்தடையால் வகுத்தது.

120 வோல்ட்டில் 20 வாட் தரும் ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். 120 பெருக்கல் 120, அதை 20-ஆல் வகுத்தால் அதன் மின்தடை 720 ஓம். அதே பட்டையை 240 வோல்ட்டில் இணைத்தால், 240 பெருக்கல் 240 வகுத்தல் 720. விடை 80 வாட். சூடு நான்கு மடங்கு.

இந்த 80 வாட்டுக்கு ஓடும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கெல்லாம் எரிந்து போகாது. 3 ஆம்பியர் ஃபியூஸும் எரியாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் விழாது, ஏனென்றால் இங்கே கசிவு எதுவும் இல்லை. வீட்டின் மின்பெட்டியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது. பலகையும் பிளாஸ்டிக்கும் பாம்பும் மட்டும் வெந்துகொண்டிருக்கும். 'ஏதாவது கோளாறு என்றால் சுவிட்ச் தானாக விழுந்துவிடும்' என்று நம்பி உறங்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே, பட்டையில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படிக்காமல் வாங்காதீர்கள். அளவு அச்சிடப்படாத பட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பிளக், நீட்டிப்பு வயர் போன்றவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயர் இணைப்புகளை நீங்களே முறுக்கி டேப் சுற்றாமல், பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மின்பொறியியல் மாணவனான நானும் அந்த இணைப்பு வேலையை வயர்மேனிடம்தான் விடச் சொன்னேன்.

'டிம்மர் போதாதா?'

பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை வெப்பப் பட்டைக்கும் வைக்கலாம், பல ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அறையின் வெப்பம் நாள் முழுக்க அதிகம் மாறாத வீட்டில் அது ஓடியிருக்கலாம்.

டிம்மர் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும். பெட்டியின் சூடு என்ன என்பது அதற்குத் தெரியாது. மழை பெய்து அறை 25 பாகையில் இருக்கும் இரவில் நீங்கள் டிம்மரைத் திருப்பி, பெட்டியின் அடி 33 பாகைக்கு வரும்படி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அதாவது பட்டை 8 பாகை சேர்க்கிறது. மறுநாள் பிற்பகல் அறை 33 பாகைக்கு ஏறும்போது பட்டை அதே 8 பாகையைத்தான் சேர்க்கும். பெட்டியின் அடி 41 பாகை. நீங்கள் அப்போது விரிவுரையில் இருப்பீர்கள்.

சுட்டால் பாம்பு நகர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இந்த மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உள்ளன. இருட்டிலும் எலியின் உடல் சூட்டை அவற்றால் அறியும். அப்படிப்பட்ட பிராணியே தன் வயிற்றுக்கு அடியில் இருக்கும் சூட்டிலிருந்து விலகாமல் கிடந்து வெந்து போவதுண்டு. வளர்ப்புப் பாம்புகளுக்கு வரும் காயங்களில் வயிற்றுச் செதில்களில் ஏற்படும் தீக்காயம் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. பாம்பு கத்தாது, குரைக்காது. பெட்டியைத் திறந்து தூக்கிப் பார்க்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

ஆகையால் வெப்பப் பட்டை வைப்பவர் தெர்மோஸ்டேட்டும் வைத்தே ஆக வேண்டும். அதன் சென்சாரைப் பட்டைக்கும் பெட்டியின் அடிக்கும் இடையில் அசையாமல் பொருத்துங்கள். சென்சார் கழன்று வெளியே தொங்கினால் அது அறையின் வெப்பத்தை மட்டும் அளந்து, 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்துப் பட்டைக்கு விடாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று: ஆறு அடுக்கு ரேக்குக்கு ஒரே தெர்மோஸ்டேட் என்றால் சென்சார் இருக்கும் அடுக்கைத் தவிர மற்ற ஐந்தும் அதன் பார்வையில் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் அடியையும் அகச்சிவப்பு வெப்பமானியால் தனித்தனியாகப் பாருங்கள். கொவிட் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது. அது மனித உடலின் வெப்ப அளவுக்காகச் செய்யப்பட்டது. வன்பொருள் கடையில் கிடைப்பதை வாங்குங்கள்.

பழுதானால் அணைய வேண்டும்

தெர்மோஸ்டேட்டும் ஒரு கருவிதானே, அதுவும் பழுதாகும். சாதாரண தெர்மோஸ்டேட்டுக்குள் ஒரு ரிலே இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் ஓயாமல் சேர்ந்து பிரிந்து, ஒருநாள் ஒட்டிக்கொண்டுவிடக்கூடும். அப்படி ஒட்டிவிட்டால் திரையில் எந்த எண் தெரிந்தாலும் பட்டைக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

நம் வீட்டு ரைஸ் குக்கரைப் பாருங்கள். சோறு வெந்ததும் அணைக்க ஓர் அமைப்பு உண்டு. அது வேலை செய்யாமல் சூடு எல்லை மீறினால் அறுந்துகொள்ள உள்ளே வெப்ப ஃபியூஸ் ஒன்றும் உண்டு. சோற்றுக்கே இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். ஓர் உயிர் இருக்கும் பெட்டிக்கு ஒரு காவல் போதுமா? முதல் தெர்மோஸ்டேட் 32 பாகையில் இருந்தால், வேறொன்றை 35 பாகையில் நிறுத்தும்படி அதே இணைப்பில் சேர்த்துவிடலாம். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது துண்டித்துவிடும்.

குளிர்நாட்டில் இப்படிச் செய்யத் தயங்குவார்கள். கருவி தவறுதலாக அணைந்துவிட்டால் பனிக்கால இரவில் பாம்பு விறைத்துப் போகும். நமக்கு அந்தப் பயம் இல்லை. தாழ்நிலத்தில், ஏர்கோன் இல்லாத அறையில், ஓர் இரவு மின்சாரமே இல்லாமல் போனாலும் அறை 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. பால் பைத்தான் ஓரிரவு அதைத் தாங்கிக்கொள்ளும். நம் தட்பவெப்பம் நமக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு இது. எந்தப் பகுதி பழுதானாலும் அணைந்த நிலைக்கே போகும்படி நம்மால் தைரியமாகக் கூண்டைச் செய்ய முடியும். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்பவர் இந்த வசதியை வீணாக்குகிறார்.

செலவு என்று ஒதுக்குபவர்களுக்கு

இவ்வளவையும் கேட்ட ஒரு நண்பர், 'பாம்பின் விலையைவிட இதற்குச் செலவு கூடுதலாகும் போலிருக்கிறதே' என்றார். ஆகலாம். அப்படியானால் பாம்பின் உண்மையான விலை அதுதான். வாங்கும் விலை முன்பணம் மாதிரி. இரண்டு தெர்மோஸ்டேட்டுக்கும் ஒரு வெப்பமானிக்கும் பணம் சேரும்வரை பாம்பு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ரேக்கில் எத்தனை அடுக்கு இருக்கிறதோ அத்தனை பாம்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு பாம்பு வளர்ப்பவருக்கு ரேக்கே தேவையில்லை. பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டு ஒன்று போதும்.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். பால் பைத்தான் உட்பட மலைப்பாம்பு இனங்கள் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. எந்தப் பாம்புக்கு என்ன உரிமம் வேண்டும் என்பதை விற்பவரிடம் கேட்காமல், பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை.

வீட்டாரின் பயத்தையும் நாம் கொஞ்சம் மதிக்கலாம். என் நண்பரின் அம்மா பாம்பைப் பார்த்துக்கூட அவ்வளவு பயப்படவில்லை. 'ராத்திரியெல்லாம் பிளக் போட்டே இருக்குமாப்பா?' என்றுதான் என்னைக் கேட்டார். அவர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் அந்தக் கூண்டைப் பற்றி அதுவரை யாரும் கேட்காத சரியான கேள்வி அது. அவருக்கு 'ஒன்றும் ஆகாது ஆண்ட்டி' என்று சொல்வது பதிலாகாது. எவ்வளவு சூடானால் அணையும், அது அணையாவிட்டால் எது அணைக்கும் என்று காட்டுவதுதான் பதில்.

நாம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறோம். எந்த நாட்டுச் செய்முறையையும் தேடிப் படிக்க நம்மால் முடிகிறது. அது பெரிய பலம். ஆனால் அதை எழுதியவரின் அறையில் எத்தனை பாகை, அவர் வீட்டுச் சுவரில் எத்தனை வோல்ட் என்று கேட்கும் பழக்கமும் கூடவே வர வேண்டும். பாம்புக் கூண்டு செய்ய நினைக்கும் இளையோர் பட்டை வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானியும் ஒரு சிறு நோட்டும் வாங்கட்டும். ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால், சூடு வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.